ஒளிந்துகொண்டு ஓய்வெடுக்கும் தோழிக்கு

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்ட கடிதம் டெல்லியிலிருந்து வந்தது. நான்கு பக்கம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 38 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு ஊர்க்காரர், கல்யாணமாகி டெல்லிக்கு வந்து 13 வருடம் ஆகிறது. மயூர் விஹாரில் வீடு. கணவர், ஐந்தாவது படிக்கும் மகள், கூடவே மாமியார். நேரு பிளேஸில் ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை, ஜிஎஸ்டி கணக்கெல்லாம் இவர் தலையில். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்து. வேலை நேரம் 9:30 முதல் 6:30 வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் இருக்கிறது. நடப்பது வேறு. கீபோர்டுக்குப் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறார், கிளம்பும்போது 7:15 ஆகிவிடுகிறது. ஒரு தடவை மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிப்போய், இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டாராம்.

இனி அவருடைய பிரச்சினை. வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால்கூடக் குற்ற உணர்ச்சி பிடுங்குகிறது. ரொம்ப முடியாமல் போனால் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் போன் பார்க்கிறார். வெளியே வரும்போது யாராவது நேரத்தைக் கவனித்திருப்பார்களோ என்று வயிற்றைக் கலக்குகிறது. அதே ஆபீஸில் ஆண்கள் நாலைந்து பேர் ‘சுட்டா’ (இந்திப் பேச்சில் சிகரெட்) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை கீழே போய் சிகரெட்டும் டீயுமாக நின்றுவிட்டு வருகிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் ஆபீஸ் மெசேஜ் ஆப்பான டீம்ஸில் ஸ்டேட்டஸ் மஞ்சளாகி, ஆள் சீட்டில் இல்லை என்று காட்டிவிடக் கூடாது என்று, கணவரின் பழைய கைக்கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்துவிட்டுப் போகிறார் (விநாடி முள் ஓட ஓட, மவுஸ் அசைவதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்). இந்த யோசனை வருவதற்கு முன்னால் ஒரு நாள் மஞ்சளாகவே இருந்தபோது மேனேஜரிடமிருந்து ‘சப் டீக்?’ (எல்லாம் சரியா?) என்று இரண்டே வார்த்தையில் மெசேஜ் வந்ததாம். அன்று முழுக்க இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னும் மூன்று சம்பவம் எழுதியிருக்கிறார். ஒன்று, வீட்டில் ஒரு மதியம் தாங்க முடியாமல் இருபது நிமிடம் படுத்தார். மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொண்டார். இரண்டு, இவருக்குச் சின்ன வயதிலிருந்தே கோலம் என்றால் உயிர். ஆபீஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பார்ப்பார். ஒரு நாள் பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்க, “மகளுக்கு ஸ்கூல் புராஜெக்ட்” என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டார். மூன்றாவது, போன மாதம் 20ஆம் தேதி. 3பி ரிட்டர்ன் (மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு) தாக்கல் செய்யும்போது ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரி) கட்டத்தில் போட வேண்டிய தொகையை சிஜிஎஸ்டி (மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் மத்திய அரசின் பங்கு) கட்டத்தில் போட்டுவிட்டார். “அன்று நாலு மணிக்குத் தோழி கூப்பிட்டாள் என்று கீழே டீ குடிக்கப் போனேன். அதனால்தான் கவனம் சிதறிப்போனது. இனிமேல் போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.”

கேட்டிருப்பவை: நான் சோம்பேறியா? சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்காருவது திருட்டு இல்லையா? இதற்கு மாத்திரை, விட்டமின் ஏதாவது இருக்கிறதா, இல்லை நேரத்தை அளக்கும் ஆப் ஏதாவது போட்டுக்கொள்ளவா?

அன்புள்ள தோழி,

நீங்கள் சோம்பேறி இல்லை. இதை மட்டும் சொல்லி நான் முடித்துக்கொண்டால் உங்களுக்கு இரண்டு நாள் நிம்மதியாக இருக்கும், மூன்றாவது நாள் பழையபடி வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, உங்களை யாரெல்லாம் திட்டியிருக்கிறார்கள் என்று தேடினேன். யாருமே இல்லை. உங்கள் அத்தை ஒரு வார்த்தை சொன்னதாக நீங்கள் எழுதவில்லை, அவர் செருப்புச் சத்தம் மட்டும்தான் வருகிறது. மேனேஜர் ‘சப் டீக்?’ என்று கேட்டிருக்கிறார். அதற்கு “எங்கே போய்த் தொலைந்தாய்” என்றும் அர்த்தம் இருக்கலாம், “உடம்பு சரியில்லையா” என்றும் இருக்கலாம். நீங்கள் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் பட்டினி கிடந்திருக்கிறீர்கள். பக்கத்து சீட்டுப் பெண் கோலத்தைப் பார்த்து “இது என்ன?” என்றுதான் கேட்டிருக்கிறார், தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த ஒரு பெண் வேறெப்படிக் கேட்பார்? அப்புறம் மூன்றாம் பக்கத்தில், கடிதத்துக்கே சம்பந்தமில்லாதது மாதிரி ஒரு வரி வருகிறது: “அப்பா வாத்தியார். நாங்கள் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால், கையில் வேலை இல்லையா என்பார்.” நேரு பிளேஸில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் இன்றைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவர்தான். அவரைக் குறை சொல்லவில்லை, ஒரு சம்பளத்தில் நாலு பிள்ளைகளைக் கரையேற்ற நினைத்த மனிதர் வேறெப்படிப் பேசியிருப்பார். ஆனால் அவருடைய பள்ளிக்கூடத்தில்கூட இன்டர்வெல் மணி அடித்திருக்கும்.

திருட்டு என்கிறீர்களே, கணக்குப் போடுவோமா?

நீங்கள் கணக்கு பார்க்கிறவர், அதனால் இது உங்களுக்குப் பிடிக்கும். சாப்பாட்டுக்கு என்று கம்பெனியே ஒதுக்கியிருப்பது 60 நிமிடம். நீங்கள் எடுப்பது 10. மீதி 50 நிமிடம். மாதம் 22 வேலை நாள் என்று வைத்தால் 1100 நிமிடம், அதாவது 18 மணி நேரத்துக்கு மேல். 6:30க்குக் கிளம்ப வேண்டியவர் 7:15 வரை உட்காருகிறீர்கள், அந்த 45 நிமிடத்தையும் சேர்த்தால் இன்னொரு பதினாறரை மணி நேரம். மொத்தம் முப்பத்துநாலு மணி நேரத்துக்கு மேல் போகிறது, எட்டு மணி நேர வேலை நாள் கணக்கில் நாலு நாளுக்கும் அதிகம். கழிவறையில் நீங்கள் ‘திருடும்’ பத்து நிமிடத்தைத் தினம் இரண்டு தடவை என்றே வைத்துக் கழித்தாலும் பாக்கி உங்கள் பக்கம்தான் நிற்கிறது. யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை நீங்களே லெட்ஜரில் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனி உங்களை ஏமாற்றுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சாப்பாட்டு நேரத்தில் வேலை செய் என்று உங்களிடம் யாரும் சொன்ன மாதிரித் தெரியவில்லை. நீங்களே கொடுக்கிறீர்கள். கொடுத்ததை நன்கொடை என்று மறந்துவிட்டு, எடுத்துக்கொண்டதை மட்டும் கடன் என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறீர்கள். இப்படி ஒரு பக்கம் மட்டும் எழுதின கணக்கை உங்கள் ஜூனியர் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

அந்த 20ஆம் தேதித் தவறு

டீ குடிக்கப் போனதால் தவறு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பத்தியில் நேரமும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நான் கேட்கிறேன். 4:15க்கு மேலே வந்துவிட்டீர்கள். தவறான கட்டத்தில் தொகையைப் போட்டது 6:50க்கு. நடுவே இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்திருக்கவே இல்லை, பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துபோய்க்கூட நிரப்பப் போகவில்லை, “டீ குடித்த நேரத்தை ஈடுகட்ட வேண்டும் என்று வெறியோடு உட்கார்ந்தேன்” என்பது உங்கள் வார்த்தை. எனக்கென்னவோ அந்தத் தவறுக்கு டீயைவிட அந்த வெறிதான் காரணமாகத் தெரிகிறது. கடைசித் தேதி, சாயங்காலம், காலையிலிருந்து ஒரே மாதிரியான எண்கள், அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் கட்டங்கள். இதில் ஒரு தொகை பக்கத்துக் கட்டத்துக்கு நழுவுவதற்கு மனிதராக இருந்தாலே போதும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒருவர் வெளியே போனவுடன் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிடுவேன். ஒரு நாள் மாலை, ஆறாவதாக வந்தவரிடம் “உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?” என்று கேட்டேன். அவருக்குத் தம்பியே கிடையாது. தம்பி, ஐந்தாவதாக வந்தவருடையது. எதிரே உட்கார்ந்திருந்தவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கு நடுவே பத்து நிமிடம் விடுகிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் குறிப்பு எழுதுவதில்லை, போன் எடுப்பதில்லை, பால்கனியில் போய் எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெளியே காத்திருக்கிறவருக்கும் அது தெரியும்.

கழிவறை ஓய்வு ஏன் வேலை செய்வதில்லை

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். உங்களுக்கு ஓய்வு நேரம் குறைவாக இருப்பது ஒரு பிரச்சினை. கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் ஒளிந்துகொண்டு எடுப்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. காது கதவுப் பக்கம் இருக்கும்போது உடம்பு எப்படி இளகும்? பத்து நிமிடமும் காவல் காத்துவிட்டு, போனதைவிடக் களைப்பாக வெளியே வருகிறீர்கள். போதாததற்குக் கையில் போன். காலையிலிருந்து பார்த்தது ஒரு திரை, ஓய்வுக்குப் பார்ப்பது அதைவிடச் சின்னத் திரை. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடும், சாயங்காலமானால் கண் எரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஓய்வைப் பற்றிய நம் நினைப்பு அந்த ஓய்வையே எப்படிக் கெடுக்கிறது என்று 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடுத்தடுத்துச் செய்த சில ஆய்வுகளை வெளியிட்டார்கள். பொழுதுபோக்கை வீண் என்று நினைக்கிறவர்கள், அதே பொழுதுபோக்கில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்கிறார்கள். மன இறுக்கமும் பதற்றமும் மனச்சோர்வும் அவர்களிடம் அதிகமாகத் தெரிந்தன. அதிலும் வேறெந்தப் பயனும் கருதாமல், சந்தோஷத்துக்காக மட்டும் செய்கிற காரியங்களில்தான் இந்த இழப்பு அதிகம். பிரான்ஸ், அமெரிக்கா, இந்தியா என்று மூன்று நாட்டு மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். பிரெஞ்சு மாணவர்களிடம் அந்த நினைப்பே குறைவு. ஆனால் நினைப்பு இருக்கிறவர்களிடம் விளைவு மூன்று நாட்டிலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஓய்வெடுத்தால் இரண்டு மடங்கு வேலை செய்யலாம் என்று உங்களுக்கு யாராவது ஆசை காட்டுவார்கள். ருமேனிய ஆய்வாளர்கள் 2022இல், பத்து நிமிடம் வரையிலான சிறு இடைவேளைகள் பற்றிய 19 ஆய்வு அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். களைப்பு குறைகிறது, உற்சாகம் கூடுகிறது, இது தெளிவாகத் தெரிந்தது. வேலைத்திறன் கூடுகிறதா என்றால், மொத்தமாகப் பார்க்கும்போது அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை; மூளையைக் கசக்கும் வேலைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தேவைப்படலாம் என்று எழுதினார்கள். எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. களைப்பு குறைவதே ஒரு லாபம்தான், அதற்கு மேல் கம்பெனிக்கு ஏதாவது சம்பாதித்துக் கொடுத்தால்தான் அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு என்று எதற்காக நினைக்க வேண்டும்? நேரத்தை அளக்கும் ஆப் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று மணி அடிக்கும் முறை சிலருக்கு உதவும். உங்கள் கையில் அது இன்னொரு மேனேஜராகிவிடும்.

டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு வேலையாக, மத்திய விவசாய அமைச்சகம் இருக்கும் கிருஷி பவன் பக்கம் போயிருந்தேன். மதியம் ஒரு மணி. புல்வெளி முழுக்க அரசு ஊழியர்கள். ஒரு பக்கம் சீட்டுக் கச்சேரி, ஒரு பக்கம் ஸ்வெட்டர் பின்னும் பெண்கள், வேர்க்கடலைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் பேப்பரில் குவிந்து கிடக்க, ஒருவர் முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் மல்லாந்திருந்தார். அரை மணி இடைவேளை எப்படி நீண்டுவிடும் என்று நாமெல்லாம் கேலி செய்திருக்கிறோம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தக் கைக்குட்டைக்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் ஒளியவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி படுத்திருந்தார்.

உங்கள் ஆபீஸ் சிகரெட் கோஷ்டியும் அப்படித்தான். சிகரெட் அவர்கள் நுரையீரலுக்குச் செய்வது கெடுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் “சுட்டா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் பாருங்கள், அதை மட்டும் நீங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஒரு கெட்ட பழக்கத்துக்கு ஆபீஸ் கொடுக்கிற மரியாதையை ஒரு டம்ளர் டீக்குக் கொடுக்காமலா போய்விடும்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் வரும்

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்குள் இருக்கும் தனியார் அலுவலகங்களுக்கு 1954ஆம் ஆண்டின் டெல்லி கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. வயது வந்த ஊழியருக்குச் சாதாரணமாக ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் விட வேண்டும். சட்டம் ஓய்வையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த ஓய்வையும் கூட்டினால் ஒரு நாளின் மொத்த நீளம், உங்களுடையது போன்ற வணிக அலுவலகங்களில் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நொய்டாவிலோ குர்கானிலோ வேலை செய்யும் உங்கள் தோழிகளுக்கு உத்தரப் பிரதேச, ஹரியானா சட்டங்கள், அதனால் இதை அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். நாலு மணி டீ சட்டத்தால் வந்ததில்லை, வழக்கத்தால் வந்தது.

இந்த அரை மணிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டு உலகம் முழுக்கத் தெருவில் இறங்கினதுதான் மே தினம்; இந்தியாவில் அதை முதலில் கொண்டாடினது சென்னையில், 1923இல், சிங்காரவேலர். அப்படி வாங்கினதில் ஒரு பங்கைத்தான் தினமும் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து அவசரமாக விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்காக நாளைக்கே சட்டப் பிரிவைக் காட்டி மெயில் அனுப்பாதீர்கள். உங்கள் விஷயத்தில் யாரும் மறுக்கவில்லை, கேட்கப்படாத ஒன்றுக்குச் சண்டைக்குப் போனால் இருக்கிற நல்ல பேரும் போகும். நாளைக்கு நீங்கள் எழுந்து போவதை யாராவது தடுத்தால் அப்போது ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மேனேஜர், மஞ்சள் விளக்கு, கைக்கடிகாரம்

முதலில் அந்தக் கடிகாரத்தைக் கணவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பயம் தந்த ஒரே விஷயம் அதுதான். அதைத் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை செய்வது போலக் காட்டிக்கொள்ள ஏற்பாடு செய்வதைக் கம்பெனிகள் ஏமாற்று வேலை என்றுதான் எடுத்துக்கொள்ளும். 2024இல் அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி, கீபோர்டு இயங்குவது போலப் போலியாகக் காட்டியதற்காகப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. இருபது நிமிடம் படுத்ததற்காக உங்கள் வேலை போகாது, கடிகாரத்தால் போகலாம். டீம்ஸ் ஐந்து நிமிடம் கையை எடுத்தாலே மஞ்சளாகிவிடும். போனில் பேசினாலும், பேப்பரில் கணக்குப் போட்டாலும், ஃபைலைத் தேடினாலும் மஞ்சள்தான், இது உங்கள் மேனேஜருக்கும் தெரியும், அவர் விளக்கும் மஞ்சளாகிக்கொண்டுதான் இருக்கும்.

பதிலாக, ஸ்டேட்டஸில் நீங்களே எழுதிவிடுங்கள்: ‘சாப்பாடு, 2:15க்கு வருவேன்’. காலண்டரில் தினமும் 1:30 முதல் 2:15 வரை அடைத்துவிடுங்கள். மேனேஜரிடம் பேசும்போது அனுமதி கேட்கும் குரல் வேண்டாம், தகவல் சொல்லும் குரல் போதும்: “மதியம் முக்கால் மணி நேரம் சீட்டில் இருக்க மாட்டேன், அவசரம் என்றால் போன் பண்ணுங்கள்.” இதைச் சொல்வதற்கு நாள் பாருங்கள். ஜிஎஸ்டிக்காரர்களுக்கு, ரிட்டர்ன் கெடு முடியும் 11, 20 இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் நாட்கள். 18ஆம் தேதி போய் இதை ஆரம்பிக்காதீர்கள். 23, 24 மாதிரி ஒரு சாவகாசமான நாளில் ஆரம்பித்தால், அடுத்த 11ஆம் தேதி வருவதற்குள் ஆபீஸுக்குப் பழகியிருக்கும். கெடு நாளில் முக்கால் மணி இருபது நிமிடமானாலும் பரவாயில்லை, சீட்டை விட்டு எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.

மேனேஜர் முகம் சுளித்தால்? சுளிக்கலாம். அதற்குப் பிறகு ஒரு வாரம் கவனியுங்கள், வேலை நேரத்துக்கு முடிகிறது என்றால் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவார்கள். மறக்காமல் குத்திக்கொண்டே இருந்தால் அது உங்கள் இடைவேளையைப் பற்றிய பிரச்சினை இல்லை, அதை வேறு கடிதத்தில் பேசலாம்.

வீட்டில் படுப்பது பற்றி: தாராளமாகப் படுங்கள், சாப்பாட்டு நேரத்துக்குள், அலாரம் வைத்து இருபது நிமிடம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது தலை கனக்கும். மதியம் கண் சொக்குவது சாம்பாரின் குற்றம் மட்டுமில்லை, உடம்புக் கடிகாரத்திலேயே அந்த நேரத்தில் ஒரு இறக்கம் இருக்கிறது, சாப்பிடாவிட்டாலும் வரும். அத்தையிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், “அத்தை, நான் கொஞ்சம் கண்ணசருகிறேன், ரெண்டு மணிக்கு எழுப்புங்கள்” என்று. எழுப்பும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டால் செருப்புச் சத்தத்துக்கு அர்த்தம் மாறிவிடும். ஒருவேளை அவர் ஏதாவது சொல்லவும் சொல்லலாம், மாமியார் என்ன சொல்வார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை அவரும் படுப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆபீஸ் நாட்களில் கீழே இறங்கி நடக்கலாம். நவம்பர், டிசம்பரில் காற்று மோசமாகி ஏக்யூஐ 300, 400 என்று போகும் நாட்களில் வேண்டாம், அப்போது ஜன்னல் பக்கம் நின்றாலே போதும்.

மாத்திரை கேட்டீர்களே

குற்ற உணர்ச்சிக்கு மாத்திரை கிடையாது, ஆனால் ரத்தப் பரிசோதனை ஒன்று அவசியம் செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்ததும் மெட்ரோவில் தூங்கிப்போவது, படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது என்று அங்கங்கே எழுதியிருக்கிறீர்கள், அதையெல்லாம் சோம்பேறித்தனம் என்ற ஒரே பையில் போட்டுவிட்டீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றும் பார்த்துவிட்டு ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் விட்டமின் வாங்கி நீங்களாகச் சாப்பிட வேண்டாம்.

இன்னொரு கேள்வியையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் இருக்கிறதா? கோலம், மகள், பாட்டு எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க அப்படியே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், இடைவேளை எடுத்துச் சரியாவதில்லை. அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் தில்ஷாத் கார்டனில் இபாஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து பெரிய தூரமில்லை. கடிதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்குப் போன மாதிரி தெரியவில்லை, கோலத்தைப் பற்றி எழுதிய பத்தியில் கையெழுத்துகூட மாறியிருக்கிறது.

அந்தக் கோலம்

நீங்கள் சொன்ன பொய்களிலேயே கடிகாரப் பொய் ஆபத்தானது, ஆனால் என் மனதை உறுத்தியது ‘மகளுக்கு ஸ்கூல் புராஜெக்ட்’ என்ற பொய்தான். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் போடுகிறேன் என்று ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. யாருக்காவது பயன்பட்டால்தான் போடலாம் என்று மகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கோலம் கணக்கு மூளைக்கு நல்லது, ஒருமுகப்படுத்தும் என்றெல்லாம் நானும் உங்களுக்கு நாலு பயன் எடுத்துக் கொடுக்கலாம். கொடுக்க மாட்டேன், கொடுத்தால் அதையும் வேலையாக்கிவிடுவீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போடுங்கள், ஆனால் ஆபீஸ் நோட்டில் வேண்டாம், தனியாக ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். டப்பாவை மூடினதும் அதை மேஜை மேலேயே திறந்து வையுங்கள். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பவும் எட்டிப் பார்ப்பார், அன்று அவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து ஐந்து புள்ளி வைக்கச் சொல்லுங்கள், சிக்குக் கோலத்தில் கோடு எங்கே திரும்புகிறது என்று புரியாமல் அவர் முழிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

கிழித்துப் போட்டதில் ஒன்று 13 புள்ளி, 7இல் முடியும் ஊடுபுள்ளி, பாதியில் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதை முடித்துவிட்டு, அடுத்த கடிதத்தோடு அந்தப் பக்கத்தையும் அனுப்பிவையுங்கள்.